எந்த மாதம், எந்தச் சரிவு? – நீலகிரி கேள்வி பதில்

வாசகர்களின் கேள்விகளுக்கு, நீலகிரியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தார் பதில் சொல்கிறார்கள்.

மே மாதம் ஊட்டிக்குப் போனால் பாதி நாள் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. கூட்டமும் இல்லாமல், மழையிலும் மாட்டாமல் போய்வர எந்த மாதம் நல்லது?
– வாசகி, திருச்சி

மாதத்தை மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். எந்தச் சரிவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நீலகிரியின் நடுவே தொட்டபெட்டா மலைத்தொடர் சுவர் வைத்தது போல நிற்கிறது. சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சுவரின் மேற்குப் பக்கம் வந்து மோதும். பந்தலூர், தேவாலா, கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சுவருக்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரிப் பக்கம் இந்த மாதங்களில் பெரும்பாலும் மேகமூட்டமும் சாரலும்தான். குடை இருந்தால் நடக்கலாம்.

அக்டோபர் பாதியில் எல்லாம் தலைகீழாகிவிடும். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவைப் பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரி, கேத்தி, மேட்டுப்பாளையம் மலைப்பாதை எல்லாம் அதன் பாதையில் இருப்பவை. 2009 நவம்பரில் பெரும் நிலச்சரிவுகள் நடந்ததும் இங்கேதான். நவம்பரில் வந்தே ஆகவேண்டும் என்றால் மைசூரு வழியாகக் கூடலூர் ஏறி வருவது மேல். மேட்டுப்பாளையம் பக்கத்து அடிவாரமான கல்லாற்றிலிருந்து ஏறுவதாக இருந்தால், மண் சரிந்து சாலை மூடினாலும் திட்டம் கெடாதபடி ஒரு நாளைக் கையில் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் கேட்டால் செப்டம்பர் கடைசிதான். இங்கே அதை ‘இரண்டாவது சீசன்’ என்போம். பூங்காக்களில் புது நாற்றுகள் பூத்திருக்கும், அருவிகளில் தண்ணீர் இருக்கும், புல் பச்சையாக இருக்கும். ஆயுத பூஜை விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்போது தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் ஒரே சாலையில் நிற்கும். அடுத்தது பிப்ரவரி. வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், அறை எளிதாகக் கிடைக்கும். ஆனால் புல் காய்ந்து பழுப்பேறியிருக்கும், அருவிகள் மெலிந்திருக்கும். இது தெரியாமல் வந்துவிட்டு ஏமாந்துபோகிறவர்கள் உண்டு.

எந்த மாதமானாலும் காட்சி முனைகளைக் காலை பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறச் சரிவு சூடாகும். பள்ளத்தாக்கின் ஈரக் காற்று மேலே கிளம்பி மேகமாகிவிடும். பகல் 12 மணிக்கு டால்பின் நோஸில் நின்று வெள்ளைச் சுவரைப் பார்ப்பவர்கள் எல்லாம் காலையில் நிதானமாகச் சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்.

இ-பாஸ் கட்டாயமா?
– வாசகர், மதுரை

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. 2025 கோடை சீசனில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அப்போதைக்கு என்ன நடைமுறை என்பதைக் கிளம்பும் முன் அரசின் இ-பாஸ் இணையதளத்தில் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். கல்லாறு சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றபடி கைபேசியில் சிக்னல் தேடுவது எல்லாருக்கும் தொல்லை. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வந்தால் இந்தக் கவலையே இல்லை.

உறைபனி பார்க்க வேண்டும் என்று டிசம்பரில் இரண்டு நாள் தங்கினோம். கடுங்குளிர்தான் மிச்சம். எங்கே தவறினோம்?
– வாசகர், சேலம்

குளிர் மட்டும் போதாது. வானத்தில் மேகம் இருக்கக் கூடாது, காற்று அசையக் கூடாது. மேகம் இருந்தால் போர்வை போர்த்தியது போல நிலத்தின் சூடு தங்கிவிடும். காற்று வீசினால் மேலிருக்கும் சற்றே வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, மர உச்சியில் இலைகூட ஆடவில்லை என்றால் மறுநாள் காலைக்கு அலாரம் வைக்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் இப்படிப்பட்ட இரவுகள் தொடர்ந்து வரும். அதனால் டிசம்பரின் முற்பாதியைவிட ஜனவரி நம்பிக்கையானது.

இடமும் முக்கியம். உயரமான இடத்தில்தான் பனி விழும் என்று நினைத்துத் தொட்டபெட்டாவுக்கு ஓடுகிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளும் அரசு தாவரவியல் பூங்காவின் புல்வெளியும் வெளுப்பது அதனால்தான். வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல் நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும், ஏனென்றால் வெப்பமானி நம் தலை உயரத்தில் தொங்குகிறது.

காலை 6.15-க்கு இடத்தில் இருங்கள். ஜனவரியில் சூரியன் வரவே 6.45 ஆகும், வெயில் நேராகப் பட்ட சில நிமிடங்களில் வெள்ளை கரையத் தொடங்கிவிடும். வெயிலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துப் படம் எடுத்தால் வெறும் சாம்பல் நிறமாக வரும். சூரியனை நோக்கிச் சற்றே பக்கவாட்டில் நின்று, புல் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள்.

உறைந்த புல்லின் மேல் நடக்காதீர்கள். உள்ளே நீர் உறைந்திருக்கும் இலை மிதிபட்டால் நொறுங்கிவிடும். நான்கைந்து நாளில் காலடித் தடம் மட்டும் கருகித் தெரியும். தேயிலைச் செடி மேல் தழை போட்டு மூடியிருந்தால் அதைப் படத்துக்காக விலக்குவதும் வேண்டாம், அது ஒருவருடைய பயிர். வண்டிக் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் சுரண்டி எடுக்கலாம். வைப்பரை அப்படியே ஓட்டினால் கண்ணாடியில் ஒட்டிய ரப்பர் கிழியும்.

குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா? தங்கும் விடுதியில் கேட்டால் தருகிறார்கள்.
– வாசகி, ஈரோடு

கூடாது. கொடுத்தாலும் வாங்காதீர்கள். கரி புகையில்லாமல் எரியும்போதும் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு தூக்கம், பிறகு எழுந்திருக்கவே முடியாது. குளிருக்காக ஜன்னல் இடுக்கில் துணி வேறு அடைத்து வைத்திருப்பீர்கள். மலைவாசத் தலங்களில் குடும்பத்தோடு உயிர் போன சம்பவங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. ‘படுக்கும் முன் அணைத்துவிடுவோம்’ என்பதும் சரிவராது. சாம்பல் மூடிய கங்கு மணிக்கணக்கில் அதே வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். புகைபோக்கி உள்ள கணப்பு அடுப்பு வேறு விஷயம். அதிலும் புகைபோக்கி அடைபடாமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள்.

குளிக்கும் அறைக்கு உள்ளேயே மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கைதான்.

சூட்டுக்கு எளிய வழி இருக்கிறது. பகலில் கம்பளியை ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள். இங்கே குளிர்வதில் பாதி, மெத்தையில் ஏறிய ஈரத்தால்தான். படுப்பதற்கு 20 நிமிடம் முன்பு வெந்நீர்ப் பையைக் கால்மாட்டில் வைத்துவிடுங்கள். பகல் முழுக்கப் போட்டிருந்த காலுறையைக் கழற்றிவிட்டு உலர்ந்த ஜோடி போட்டுக்கொள்ளுங்கள். மின்சார ஹீட்டர் வைத்தால் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாக மாட்ட வேண்டும். 2,000 வாட் ஹீட்டரை மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டால் பிளக் உருகும்.

ஊட்டியிலிருந்து இறங்கும்போது பிரேக் கருகும் வாடை வருகிறது. மெக்கானிக் ‘வண்டியில் கோளாறு எதுவும் இல்லை’ என்கிறார்.
– வாசகர், நாமக்கல்

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும். செங்குத்தான இடத்தில் இரண்டாவது, கொண்டை ஊசி வளைவில் முதலாவது. வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை அழுத்தமாக இரண்டு மூன்று விநாடி போட்டு, முழுசாக விடுங்கள். காலை லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தால்தான் கருகும். தேய்ப்பு நீடித்தால் பிரேக் ஆயிலில் சேர்ந்திருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகும். மிதி பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. மலைக்கு அடிக்கடி வருபவர்கள் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும்.

வாடை வந்துவிட்டதா? அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதியில் பிரேக் பூஸ்டரின் பலம் தீர்ந்து மிதி கல்லாகிவிடும்.

கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் அதிகம் பயப்பட வேண்டியது. ஆக்ஸிலரேட்டரை முழுசாக விட்டு மெதுவாக உருண்டால் கிளட்ச் கழன்றுவிடும். எஞ்சின் பிடிமானம் ஒன்றும் இருக்காது. அவ்வப்போது லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து கிளட்சைப் பிடிக்கவைத்து, இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் போட்டு, ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று வாருங்கள். ஆட்டோமேட்டிக் காரில் ‘எல்’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். மின்சாரக் காரை மேலே 100 சதவீதம் சார்ஜ் செய்துவிட்டுக் கிளம்பாதீர்கள். நிறைந்த பேட்டரி, இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்க மறுக்கும். வேகத்தைப் பிடிக்கும் அந்த வசதி போய்விடும். 80 சதவீதத்தில் கிளம்பினாலே மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது போதுமான சார்ஜ் இருக்கும்.

மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36; அதன் செங்குத்தைப் பார்த்தால் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க ஏன் விடுவதில்லை என்று புரியும். சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம். முதுமலை வழியாகக் கர்நாடகம் போவதென்றால் இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும். மாலை ஏழரைக்காவது கூடலூரைத் தாண்டிவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது இங்கே எழுதாத சட்டம் அல்ல, எழுதிய சட்டமே.

என் மகளுக்கு இரண்டாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடுகிறது.
– வாசகி, விருதுநகர்

வெறும் வயிறும் வேண்டாம், பொங்கல் வடையும் வேண்டாம். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். முன் இருக்கையில் உட்காரவைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைபேசியைக் கண்டிப்பாக வாங்கி வைத்துவிடுங்கள். கண் நிலையாக இருப்பதாகச் சொல்ல, காது ஆடுவதாகச் சொல்ல, அந்தச் சண்டையில்தான் குமட்டுகிறது. மாத்திரை என்றால் மருத்துவரிடம் கேட்டு, மலை ஏறுவதற்கு அரை மணி முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுப்பது வீண். பேருந்தில் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள இருக்கையைத் தவிருங்கள்.

மலை ரயில் டிக்கெட் எப்போதும் காத்திருப்புப் பட்டியலிலேயே நிற்கிறதே?
– வாசகர், சென்னை

முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும். திறந்த அன்று காலையிலேயே பதிய வேண்டும், அதுவும் வார நாளாகப் பார்த்து. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டி. 46 கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்து மணி நேரம், 16 குகைகள், 208 வளைவுகள். பற்சக்கரத்தைப் பிடித்து ஏறுவது கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். அங்கே சரிவு 12.5 அடிக்கு ஓர் அடி. டிக்கெட் கிடைக்காதவர்கள் குன்னூர் – ஊட்டி வண்டிகளில் ஏறலாம். நாளுக்குப் பல முறை ஓடுகின்றன, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கேத்தி, லவ்டேல் வழியாகப் பள்ளத்தாக்கு விரிவதைப் பார்க்க இதுவே போதும். அக்டோபர், நவம்பரில் பதிந்தால் பாறை விழுந்து ரத்தாகும் வாய்ப்பையும் எதிர்பார்த்தே இருங்கள். ரயில்வே ரத்து செய்தால் பணம் திரும்ப வந்துவிடும்.

ஊட்டியில் ஒரு மாதம் வீடு எடுத்துத் தங்குகிறோம். இட்லி மாவு இரண்டு நாளாகியும் பொங்கவில்லை. பருப்பும் வேக மறுக்கிறது.
– வாசகி, கோவை

பருப்பின் மேல் குற்றமில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் நாள் முழுக்கக் கொதித்தும் விறைப்பாகவே நிற்கும். பிரஷர் குக்கரை எடுங்கள். அதிலும் கீழ்நாட்டுக் கணக்கைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். முட்டைக்கு 10 நிமிடம் என்பது 13 நிமிடம் ஆகும். பால் மட்டும் நீங்கள் நினைப்பதற்கு முன்பே பொங்கிவிடும், அடுப்பை விட்டு நகராதீர்கள்.

இனி மாவு. 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து என்பதை இங்கே 3-க்கு 1 ஆக்குங்கள், வெந்தயம் ஒரு டீஸ்பூன். உளுந்தை மூன்று மணி நேரம் அல்ல, ஐந்து மணி நேரம் ஊறவிடுங்கள். அரைக்கும்போது ஊற்றும் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். உப்பை இப்போது போடாதீர்கள். குளிரில் ஏற்கெனவே மந்தமாக நடக்கும் புளிப்பை உப்பு இன்னும் தாமதப்படுத்தும், மாவு பொங்கிய பிறகு கலந்தால் போதும். பழைய மாவு இருந்தால் இரண்டு கரண்டி சேர்த்துக் கையால் நன்றாகக் கலக்குங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல், பெரிய ஹாட்பாக்ஸிலோ அட்டைப்பெட்டியிலோ வைத்து, பக்கத்தில் இரண்டு வெந்நீர்ப் பாட்டில் நிறுத்தி, கம்பளி சுற்றுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டில் தண்ணீரை மாற்றினால் 14 முதல் 18 மணி நேரத்தில் பொங்கிவிடும்.

இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். அவசரத்தில் மாவுப் பாத்திரத்தைக் கொதிநீருக்குள் இறக்குகிறார்கள்; ஓரத்து மாவு வெந்து, புளிக்கவைக்கும் நுண்ணுயிரும் செத்துப்போகும். இன்னொன்று, அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பது. சேர்த்த சூடெல்லாம் போய்விடும். தயிர் தோயவும் இதே ஹாட்பாக்ஸ் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் அகன்ற வாய் பாட்டிலில் கொண்டுவாருங்கள். குறுகிய வாய் என்றால் தினமும் காலையில் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஆகஸ்டில் கூடலூர்ப் பக்கம் தோட்டத்தில் நடக்கப் போகிறோம். அட்டைக்கு என்ன செய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

நெருக்கமாக நெய்த நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுங்கள். கல் உப்பைத் துணியில் கட்டி, ஈரமாக்கி, ஷூ மேலும் காலுறை மேலும் தேய்த்துக்கொண்டே போங்கள். மழையில் கரைந்துவிடும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று பேசாதீர்கள். கடித்துவிட்டால் இழுக்கவும் வேண்டாம், நெருப்பு வைக்கவும் வேண்டாம். நகத்தைத் தோலோடு தோலாக வைத்து அட்டையின் மெல்லிய முனைப்பக்கம் நெம்பினால் பிடியை விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு ஒரு மணி நேரம்கூட நீடிக்கும்; சோப்பு போட்டுக் கழுவி, துணி வைத்து அழுத்திக் கட்டுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் துணி மூன்று நாளானாலும் காயாது. ஜீன்ஸைப் பெட்டியிலேயே வைக்காதீர்கள். கேமரா லென்ஸைத் தோல் உறையில் மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை வலை பின்னும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

காட்டெருமை வீட்டு வாசலுக்கே வருகிறதாமே?
– வாசகி, காஞ்சிபுரம்

குன்னூர், கோத்தகிரியில் வரும். சாதுவாக மேய்வதைப் பார்த்துப் பசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆணுக்கு எடை ஒரு டன்னை நெருங்கும். குறைந்தது 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், பிளாஷ் போடாதீர்கள். மூச்சைச் சீறி, பக்கவாட்டில் திரும்பித் தன் உடம்பைக் காட்டினால் அது ‘போய்விடு’ என்கிறது; முதுகைக் காட்டி ஓடாமல் பின்வாங்குங்கள். மாலை ஆறுக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்துக் குறுக்குவழியில் நடப்பதை விட்டுவிடுங்கள், கரடியும் அந்த நேரத்தில்தான் இறங்கும். பலாப்பழக் காலத்தில் பர்லியாறு, கல்லாறு பக்கம் யானைகள் சாலைக்கு வரும். வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்திக் காத்திருங்கள்.

பர்லியாறில் மங்குஸ்தான் வாங்கினால் பாதி கெட்டுப்போயிருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காய் வரும். விரலால் அழுத்தினால் ஓடு லேசாக உள்வாங்க வேண்டும். கல் போல இருந்தால் அது பழையது. மேலே மஞ்சள் பிசின் கசிந்திருந்தால் உள்ளே சுளையும் கசக்கும். அடியில் இருக்கும் சிறு பூ வடிவத்தின் இதழ்களை எண்ணுங்கள். உள்ளே அத்தனை சுளைதான். இதழ் அதிகம் உள்ளதில் சுளை சிறிது, கொட்டையும் குறைவு. சாறு வெள்ளைத் துணியில் பட்டால் போகாது.

தண்ணீர் பாட்டில் கொண்டுவரலாமா?
– வாசகி, புதுச்சேரி

ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, பிடித்தால் அபராதம். எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவாருங்கள், சாலையோரக் குடிநீர் இயந்திரங்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

காட்டுக்குள் நடைபயணம் போக யாரைக் கேட்பது?
– வாசகர், கரூர்

வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். 2024 அக்டோபரில் தொடங்கியது. முதல்முறை என்றால் ஊட்டியின் கெய்ர்ன் ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை இரண்டும் எளிது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ காலம் என்பதால் மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் நடைபயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததற்குப் பிறகு யாரும் இதில் சலுகை கேட்கக் கூடாது. ‘அனுமதி வேண்டாம், நான் கூட்டிப் போகிறேன்’ என்று சொல்பவரோடு போனால் அபராதம் உங்களுக்குத்தான்.

குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும்?
– வாசகி, நாகர்கோவில்

பன்னிரண்டு ஆண்டுக் குறிஞ்சி கடைசியாக 2018-ல் பூத்தது; அடுத்தது 2030. நடுவில் அங்கங்கே ஊதாவாகப் பூப்பது அதன் உறவுக்காரச் செடிகள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக் கணக்கு வேறு.